மருத்துவர் சுனிதி சாலமன்

ஒரு நோய் நாட்டுக்குள் நுழைந்துவிட்டதா என்பதை அறிய இரண்டு வழிகள் உண்டு. நோயாளிகள் மருத்துவமனை வாயிலுக்கு வரும்வரை காத்திருக்கலாம். நோயைத் தேடியும் செல்லலாம். காத்திருப்பது எளிது. 1980களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் என்னும் புதிய நோயைப் பற்றிய செய்திகள் அமெரிக்காவிலிருந்து வந்தபோது, இந்தியாவில் பலரும் அவற்றை அயல்நாட்டுச் செய்தியாகவே படித்தனர். மேலைநாட்டு வாழ்க்கை முறையால் வந்த நோய் அது; குடும்ப ஒழுக்கம் மிக்க இந்நாட்டில் அதற்கு இடமில்லை என்னும் எண்ணம் கற்றவரிடமும் இருந்தது. அந்த நாளில், சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் ஒருவர் தேடிச் செல்வதென முடிவு செய்தார். அவர்தாம் மருத்துவர் சுனிதி சாலமன்.

இளமையும் கல்வியும்

சென்னையில் தோல் வணிகம் செய்துவந்த மராத்தியக் குடும்பம் ஒன்றில் 1930களின் இறுதியில் சுனிதி கெய்டோண்டே பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த எட்டுப் பிள்ளைகளுள் ஏழாமவர்; ஒரே பெண் அவர்தாம். அக்காலத்தில் நகராட்சியின் நலவாழ்வு அலுவலர் ஆண்டுதோறும் வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவது வழக்கம். மற்றப் பிள்ளைகள் ஓடி ஒளிந்திருக்கக்கூடிய அந்த வருகைதான் சுனிதிக்கு மருத்துவத்தின்மீது விருப்பத்தை உண்டாக்கியது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். இதய அறுவை மருத்துவரான விக்டர் சாலமனை மணந்தார். இருவரும் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் பயிற்சி பெற்றனர். சுனிதி நோயியல் துறையில் பணியாற்றினார். வெளிநாட்டிலேயே தங்கிவிடுவதற்கான வாய்ப்புகள் இருந்தும், தம் பணி சொந்த ஊருக்கே மிகுதியும் தேவை என்று கருதி 1973இல் சென்னைக்குத் திரும்பினார். நுண்ணுயிரியலில் மேற்படிப்பை முடித்து, தாம் பயின்ற கல்லூரியிலேயே ஆசிரியரானார். அதன்பின் பத்தாண்டுகள் கற்பித்தலிலும் ஆய்வகப் பணியிலும் அமைதியாகக் கழிந்தன.

நிறம் காட்டும் சோதனை

எய்ட்ஸ் நோயின் முதல் விவரங்கள் 1981இல் வெளியாயின. அதற்குக் காரணமான வைரசை 1983இல் பாரிசு நகரின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த பிரான்சுவாஸ் பாரே-சினோசி, லுக் மோந்தாஞே ஆகியோர் அடங்கிய குழு கண்டறிந்தது. வைரசு அறியப்பட்டதும், அது யார் உடலில் உள்ளது என்று காட்டும் சோதனை தேவைப்பட்டது. அத்தேவையை நிறைவேற்றியது எலைசா.

எலைசா என்பது எய்ட்ஸ் நோய்க்கெனப் பிறந்த முறை அன்று. குருதியில் மிக நுண்ணிய அளவில் உள்ள புரதங்களை அளக்க, 1950களின் இறுதியில் அமெரிக்காவைச் சேர்ந்த ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்கப் பொருளை அடையாளமாகப் பயன்படுத்தும் முறை ஒன்றை உருவாக்கினர். அது துல்லியமானது, ஆனால் கதிரியக்கத்தைக் கையாளும் வசதியுள்ள ஆய்வகங்களுக்கே உரியது. 1971இல் சுவீடனைச் சேர்ந்த ஏவா எங்வால், பீட்டர் பெர்ல்மான் ஆகியோரும், நெதர்லாந்தில் மற்றொரு குழுவினரும், தனித்தனியே ஒரே எண்ணத்தை எட்டினர். கதிரியக்கப் பொருளுக்குப் பதிலாக ஒரு நொதியை இணைத்தால் என்ன என்பதே அவ்வெண்ணம். நொதி தன் வினைபொருளை நிறமுள்ள பொருளாக மாற்றும். அளவிடுவதற்கு அந்த நிறமே போதும்.

சோதனையின் அமைப்பு எளிது. உள்ளங்கையைவிடச் சற்றே நீண்ட நெகிழித் தட்டில் எட்டு வரிசைகளில் பன்னிரண்டு பன்னிரண்டாக 96 சிறு குழிகள் இருக்கும். அவற்றின் அடியில் வைரசின் புரதங்கள் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். குருதியிலிருந்து பிரித்தெடுத்த சீரத்தைக் குழியில் இடுவர். அந்த மனிதரின் உடல் வைரசை எதிர்த்து எதிர்ப்பொருளை உருவாக்கியிருந்தால், அது குழியில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்ளும். பிறகு குழியைக் கழுவுவர். பற்றிக்கொள்ளாதவை எல்லாம் நீரோடு போய்விடும். அடுத்து, மனித எதிர்ப்பொருளைத் தேடிப் பற்றும் இன்னோர் எதிர்ப்பொருளை, நொதி இணைத்து இடுவர். மீண்டும் கழுவுவர். இறுதியில் நிறமற்ற வினைபொருளைச் சேர்ப்பர். நொதி அங்கே தங்கியிருந்தால் குழி நிறம் கொள்ளும்; இல்லையேல் தெளிந்த நீராகவே நிற்கும். சில வகைகளில் முதலில் நீலம் தோன்றி, அமிலம் சேர்த்ததும் மஞ்சளாகும். எவ்வளவு அடர்ந்த நிறமோ அவ்வளவு மிகுதியான எதிர்ப்பொருள். இச்சோதனையில் கழுவுதலே உயிர்நாடி. சரியாகக் கழுவாத குழி, நோயில்லாதவரையும் நோயாளி எனக் காட்டிவிடும்.

எச்.ஐ.வி. கண்டறியும் எலைசாவுக்கு அமெரிக்க அரசு 1985 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. ஓராண்டுக்குள் அச்சோதனை தமிழ்நாட்டில் பயன்பட்டது.

1986 பிப்ரவரி

சுனிதியிடம் முதுநிலை பயின்றுவந்த மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வேட்டிற்கு ஒரு பொருள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் எய்ட்ஸ் உள்ளதா எனத் தேடும்படி சுனிதி கூறினார். நிர்மலா தயங்கினார். மும்பை போன்ற பெருநகரங்களில் எடுத்த மாதிரிகளிலேயே ஒன்றும் கிடைக்காதபோது சென்னையில் என்ன கிடைக்கும் என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது. ஆசிரியர் விடவில்லை.

யாரைச் சோதிப்பது என்பது அடுத்த வினா. வறுமையாலும் வஞ்சனையாலும் பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களுக்கே ஆபத்து மிகுதி எனச் சுனிதி கணித்தார். சென்னையில் அப்பெண்கள் ஓரிடத்தில் வாழவில்லை. பால்வினை நோய்க்கு மருத்துவமனைக்கு வந்த ஓரிருவருடன் பழகி, அவர்கள் வழியே மற்றவரை அறிந்தார் நிர்மலா. அவர்களுள் பலர் அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தனர். கணவர் இராமமூர்த்தி தம் ஸ்கூட்டரில் நிர்மலாவை அங்கே கொண்டுபோய் விடுவார். கையுறைகூட இல்லாமல் குருதி எடுத்தார் அந்த இளம் மருத்துவர். வசதி குறைந்த சிற்றாய்வகம் ஒன்றில் சுனிதியும் அவ்விருவரும் சீரத்தைப் பிரித்தெடுத்தனர். அதை வைக்க வேறிடம் இல்லாமையால் நிர்மலாவின் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியே மாதிரிகளின் இருப்பிடமாயிற்று. இன்று எந்த ஆய்வு நெறிக்குழுவும் இதற்கு இசைவு தராது.

இன்னொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். எந்த நோயைத் தேடிக் குருதி எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்தனர். அக்காலத்தில் அது குறையாகக் கருதப்படவில்லை எனினும் குறை குறையே. பிற்காலத்தில் சுனிதி எச்.ஐ.வி. சோதனையில் எதை முதன்மையாக வற்புறுத்தினார் என்பதைப் பார்க்கும்போது இச்செய்தி நினைவில் இருக்கவேண்டும்.

சென்னையில் அன்று எலைசா செய்ய வசதியில்லை. எனவே வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கச் சுனிதி ஏற்பாடு செய்தார். 1986 பிப்ரவரியில் ஓர் இரவு, எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள் பனிக்கட்டிப் பெட்டியில் காட்பாடிக்குத் தொடர்வண்டியில் பயணம் செய்தன. நிர்மலாவும் கணவரும் உடன்சென்றனர். காட்பாடியிலிருந்து ஆட்டோவில் கல்லூரியை அடைந்தனர். அங்கே வைரசியல் துறைத் தலைவராக இருந்தவர் ஜேக்கப் ஜான். அவர் தம் இளையோராகிய ஜார்ஜ் பாபு, எரிக் சிமோஸ் ஆகியோரை நிர்மலாவுக்குத் துணையாக அமர்த்தினார். காலையில் சோதனை தொடங்கியது. நண்பகலில் மின்சாரம் தடைப்பட்டது. எல்லாரும் தேநீர் அருந்தச் சென்றனர். திரும்பி வந்து தட்டின் மூடியைத் திறந்த ஜார்ஜ் பாபு, பார்த்ததை நம்ப முடியாமல் உடனே மூடிவிட்டார். அதற்குள் நிர்மலாவும் பார்த்துவிட்டார். ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன.

எலைசா ஒருமுறை சொல்வதை அறிவியல் அப்படியே ஏற்பதில்லை. அது நோயை விட்டுவிடக் கூடாது என்பதற்காக மிகவும் கூருணர்வுடன் அமைக்கப்பட்ட சோதனை. ஆகவே சில வேளைகளில் இல்லாததையும் இருப்பதாகக் காட்டும். அந்த ஆறு பெண்களிடமும் மீண்டும் குருதி எடுக்கப்பட்டது. மாதிரிகள் அமெரிக்காவுக்குச் சென்றன. வைரசின் ஒவ்வொரு புரதத்தையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் என்னும் சோதனை முடிவை உறுதிசெய்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதற்கு அதுவே முதற்சான்று. செய்தி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கும், பிரதமர் இராஜீவ் காந்திக்கும் எட்டியது. தமிழ்நாட்டின் நலவாழ்வு அமைச்சராக இருந்த எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார். நாடு திகைத்தது. நிர்மலா தம் ஆய்வேட்டை 1987இல் அளித்துவிட்டு, பின்னர்க் கிண்டி கிங் நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார்.

ஆய்வகத்திலிருந்து நோயாளியிடம்

ஒரு கண்டுபிடிப்போடு நின்றிருந்தாலும் சுனிதியின் பெயர் மருத்துவ வரலாற்றில் இருந்திருக்கும். அவர் நிற்கவில்லை. நுண்ணுயிரியலாளர் பொதுவாக மாதிரிகளையே பார்ப்பார், மனிதர்களைப் பார்ப்பதில்லை. சுனிதி அந்த எல்லையைக் கடந்தார். நோயாளிகள் அவரைத் தேடி வரலாயினர். அவர்களுக்குச் செல்ல வேறிடம் இல்லை. மருத்துவர்கள் தொட அஞ்சினர். மருத்துவமனைகள் படுக்கை தர மறுத்தன. இறந்தவரின் உடலைப் பெறவும் உறவினர் தயங்கினர்.

இத்தகைய நோயாளிகளிடையே அவர் பணிபுரிவதைக் கணவர் விக்டர் சாலமனே முதலில் விரும்பவில்லை. இதய அறுவை மருத்துவரான அவருக்கும் அச்சம் இருந்தது. அந்த நோயாளிகளின் கதைகளைக் காதுகொடுத்துக் கேட்டால் அந்த எண்ணம் இராது என்பதே சுனிதியின் விடை. பிறகு அவர் தடை சொல்லவில்லை.

மருத்துவக் கல்லூரியில் எய்ட்ஸ் நோய்க்கெனத் தனிக் குழு ஒன்றைச் சுனிதி நடத்தினார். அரசுப் பணிக்குள் இருந்துகொண்டு செய்யக்கூடியது ஓரளவே என்று உணர்ந்ததும், 1993இல் வெளியே வந்து தந்தையின் பெயரால் ஒய்.ஆர். கெய்டோண்டே எய்ட்ஸ் ஆராய்ச்சி, கல்வி மையத்தைத் தொடங்கினார். ஒய்.ஆர்.ஜி. கேர் என மக்கள் அழைத்த அம்மையம், பின்னாளில் தரமணியில் உள்ள தன்னார்வ நலவாழ்வுச் சங்க மருத்துவமனை வளாகத்தில் இயங்கியது. தாமாக முன்வந்து சோதித்துக்கொள்ளும் இடமாக அது அமைந்தது. அங்கே ஊசி குத்துவதற்கு முன் ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்து பேசுவார். எதற்காகச் சோதனை, முடிவு எப்படி வந்தால் என்ன செய்யலாம், அது யாருக்கும் சொல்லப்படமாட்டாது என்பதெல்லாம் விளக்கப்படும். வந்தவர் இசைந்த பிறகே குருதி எடுப்பர்.

இந்த உரையாடலுக்கு மருத்துவக் காரணமும் இருந்தது. தொற்று ஏற்பட்டவுடன் உடல் எதிர்ப்பொருளை உருவாக்கிவிடுவதில்லை. சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் எலைசா செய்தால் குழி நிறமற்றே இருக்கும். தொற்று இல்லை என எண்ணி அவர் பிறருக்கும் பரப்பக்கூடும். குழந்தைகளிடம் இச்சிக்கல் தலைகீழாக வரும். தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைந்து, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள்வரை குருதியில் தங்கக்கூடும். அதுவரை நோயற்ற குழந்தையின் குழியும் மஞ்சளாகலாம். முடிவை எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லாவிட்டால், அந்த நிறத்தைக் கண்டே ஒரு தாய் உடைந்துபோவாள்.

தெற்குப் புறநகரில்

சென்னையின் தென்புறத்தில் இதே காலத்தில் இன்னொரு வரலாறும் நிகழ்ந்துகொண்டிருந்தது. காசநோயாளிகளுக்காக மருத்துவர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய நலவாழ்வு மனை, பின்னர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாயிற்று. தாம்பரம், படப்பை, வண்டலூர் சுற்றுவட்டார மக்கள் அதைச் சானடோரியம் என்றே இன்றும் சொல்வர். தொடர்வண்டி நிலையத்தின் பெயரும் அதுவே. எச்.ஐ.வி. உள்ளவரை முதலில் தாக்கும் நோய்களுள் முதன்மையானது காசநோய். ஆகவே காசநோய்க்கு வந்தவர்களிடையே எய்ட்ஸ் நோயாளிகளும் வரலாயினர். 1990களில் அம்மருத்துவமனை அவர்களைத் திருப்பி அனுப்பாமல் சேர்த்துக்கொண்டது. நாளடைவில் நாட்டிலேயே மிகுதியான எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மருத்துவம் அளிக்கும் இடங்களுள் ஒன்றாக அது வளர்ந்தது. ஆந்திரத்திலிருந்தும் கருநாடகத்திலிருந்தும்கூட நோயாளிகள் தொடர்வண்டி ஏறி வந்தனர்.

அக்காலத்தில் மருந்து என்பது செல்வர்க்கே உரியது. வைரசை அடக்கும் மூன்று மருந்துகளின் கூட்டு 1996 அளவில் அறியப்பட்டபோது, ஆண்டுச் செலவு பத்தாயிரம் டாலரை எட்டியது. சென்னையில் மாத ஊதியம் பெறும் ஒருவருக்கும் அது கனவே. 2001இல் இந்திய நிறுவனமான சிப்லா, அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்ததும் உலகெங்கும் நிலைமை மாறியது. 2004 ஏப்ரல் முதல் இந்திய அரசு இலவசமாக மருந்து வழங்கத் தொடங்கியது. தொடக்க மையங்கள் எட்டனுள் தாம்பரமும் ஒன்று. ஊரார் கண்ணில் படாமல் விடியற்காலைப் பேருந்தில் ஏறிப்போய் மருந்து வாங்கி வருவது, புறநகர்ச் சிற்றூர்களில் பல குடும்பங்களின் மாதக் கடமையாயிற்று. மருந்து கிடைத்துவிட்டது, மறைவு நீங்கவில்லை.

அளவிடும் ஆய்வு

மருந்து வந்தபின் ஆய்வகத்தின் வேலையும் மாறியது. நோய் உண்டா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதாது. எவ்வளவு என்று சொல்லவேண்டும். இங்கும் எலைசாவின் மற்றொரு வடிவம் பயன்படுகிறது. குழியின் அடியில் புரதத்துக்கு மாறாக எதிர்ப்பொருளையே ஒட்டவைத்து, சீரத்தில் உள்ள நோய்ப் புரதத்தைப் பிடித்து, மேலிருந்து நொதி இணைந்த இன்னோர் எதிர்ப்பொருளால் மூடுவர். இரு ரொட்டித் துண்டுகளுக்கிடையே வைத்தது போன்ற இவ்வமைப்பால் எச்.ஐ.வி. வைரசின் உட்கூட்டுப் புரதமான பி24ஐ அளக்கலாம். அளவு தெரிந்த புரதக் கரைசல்களைச் சில குழிகளில் இட்டு, அவற்றின் நிற அடர்த்தியைக் கொண்டு வரைகோடு வரைவர். தெரியாத மாதிரியின் நிறம் அக்கோட்டில் எங்கே விழுகிறதோ அதுவே அதன் அளவு. ஒரு கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கான பிக்கோகிராம் கணக்கில் இவ்வளவுகள் குறிக்கப்படுகின்றன. எதிர்ப்பொருள் தோன்றும் முன்னரே பி24 குருதியில் வந்துவிடுவதால், இரண்டையும் ஒருங்கே தேடும் சோதனைகள் முன்சொன்ன இடைவெளியைக் குறைத்தன. புற்றுநோய், நீரிழிவு, டெங்கு என எத்தனையோ நோய்களின் ஆய்வில் இதே 96 குழித் தட்டு இன்றும் உழைக்கிறது.

சுனிதியின் மையம் உலகளாவிய ஆய்வுகளிலும் பங்கேற்றது. அவற்றுள் ஒன்று சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. கணவன் மனைவியருள் ஒருவருக்கு மட்டும் தொற்று இருக்கும் 1763 இணையர்களை ஒன்பது நாடுகளில் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. சென்னை அதன் களங்களுள் ஒன்று. தொற்றுடையவருக்கு முன்கூட்டியே மருந்து தொடங்கினால், அவரிடமிருந்து இணையருக்கு நோய் பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011இல் முடிவு வெளியானது. தமக்காக உண்ணும் மருந்து துணைவரையும் காக்கும் என்பது மருத்துவ உலகின் சிகிச்சை நெறியையே மாற்றிய செய்தி.

மருத்துவரின் எல்லைக்கு அப்பாலும் ஒரு பணியை அவர் மேற்கொண்டார். மருந்தினால் உடல்தேறிய இளைஞர்கள் அவரிடம் மருந்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. வீட்டில் திருமணத்துக்கு வற்புறுத்துகிறார்கள், என்ன செய்வது என்றும் கேட்டனர். உண்மையைச் சொன்னால் வாழ்வு கெடும். மறைத்தால் இன்னோர் உயிர் கெடும். தொற்றுள்ள ஆணுக்கும் தொற்றுள்ள பெண்ணுக்கும் தாமே வரன் பார்க்கத் தொடங்கினார் சுனிதி. படிப்பு, வேலை, குடும்பம் ஆகியவற்றோடு குருதிச் சோதனை முடிவுகளையும் பொருத்திப் பார்த்தார். பேராசிரியர் ஒருவர் கல்யாணத் தரகராவதா என்று நகைத்தவரும் இருந்திருப்பர். அந்தத் திருமணங்களில் பிறந்த குழந்தைகள் தொற்றின்றிப் பிறக்க மருத்துவம் வழிசெய்தது.

இறுதி நாள்கள்

கணவர் விக்டர் சாலமன் 2006இல் மறைந்தார். மகன் சுனில் சாலமனும் மருத்துவராகி, தாயின் துறையிலேயே ஆய்வு செய்துவந்தார். 2015இல் சுனிதிக்குக் கணையப் புற்றுநோய் இருப்பது அறியப்பட்டது. சில வாரங்களில், ஜூலை 28ஆம் நாள், சென்னையில் தம் இல்லத்தில் காலமானார். அவருக்கு வயது 76. முந்தைய நாள் மாலையில்தான் மேனாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் மறைந்திருந்தார். நாடு முழுவதும் அத்துயரில் ஆழ்ந்திருந்தமையால், இவருடைய மறைவு பலர் அறியாமலே கடந்தது.

2017இல் இந்திய அரசு அவருக்கு மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புக்கும் கட்டுப்பாட்டுக்குமான சட்டத்தை இயற்றியது. 2018 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. தொற்றுள்ளவரை வேலையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ விலக்குவதை அச்சட்டம் தடைசெய்கிறது. ஒருவருடைய குருதியில் எச்.ஐ.வி. சோதனை செய்யவேண்டுமானால், எதற்காகச் செய்யப்படுகிறது என்பதை அவருக்கு விளக்கி இசைவு பெற்றாகவேண்டும் என்பதும் அதில் உள்ளது.